மஞ்சள்: பொடியா, பச்சைக் கிழங்கா, மாத்திரையா?

மஞ்சளை மருந்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது, எதை வாங்குவது என்பதுதான். சமையலறையில் இருக்கும் பொடியே போதுமா, பச்சைக் கிழங்கு மேலா, இல்லை மருந்துக்கடையில் கிடைக்கும் குர்குமின் மாத்திரையா? ஒரே செடியிலிருந்து வருவதால் மூன்றும் ஒன்றுதான், வீரியத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், பொடியும் மாத்திரையும் கிட்டத்தட்ட இரண்டு வேறு பொருள்கள். ஒன்றைப் பற்றி நடந்த ஆய்வை இன்னொன்றுக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. ஒன்றின் பாதுகாப்பை நம்பி இன்னொன்றை விழுங்கவும் முடியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். மஞ்சளின் நிறத்துக்கும் பெரும்பாலான மருத்துவ ஆராய்ச்சிக்கும் காரணமானது குர்குமின். 1815-லேயே இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். மஞ்சள் பொடியின் எடையில் குர்குமினும் அதன் உறவுப் பொருள்களும் (குர்குமினாய்டுகள்) சேர்ந்து 2 முதல் 5 சதவீதம் இருக்கும். 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 3 கிராம். அப்படியானால் அதில் இருப்பது 90 மில்லிகிராம். பச்சைக் கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஐந்து கிராம் கிழங்கு காய்ந்தால் ஒரு கிராம் பொடி தேறும். ஆகவே பச்சையாக இருப்பதால் வீரியம் கூடுதல் என்ற நம்பிக்கை எடைக்கு எடை பார்த்தால் தலைகீழ். பச்சைக் கிழங்கில் வாசனை எண்ணெய்கள் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மஞ்சளிலிருந்து பிரித்து, 95 சதவீதம் குர்குமின் இருக்கும்படி செறிவூட்டியதுதான் எக்ஸ்ட்ராக்ட். அப்படிப்பட்ட 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 475 மில்லிகிராம். பொடியாக அதைச் சாப்பிட வேண்டுமென்றால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வேண்டும். பல ஆய்வுகளில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல். அதற்குப் பதினோரு தேக்கரண்டி. யாரும் சாப்பிடப் போவதில்லை.

டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துப் பாருங்கள். முன்பக்கம் எல்லா டப்பாவிலும் ஒரே மாதிரி '500 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில்தான் வித்தியாசம். ஒன்றில் 'மஞ்சள் கிழங்குப் பொடி 500 மி.கி.' என்று இருக்கும். அது வெறும் பொடியைக் கூட்டில் அடைத்தது. குர்குமின் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். இன்னொன்றில் 'மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., 95 சதவீதம் குர்குமினாய்டுகள்' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே முப்பது மடங்கு வித்தியாசம். அப்புறம், கடைசி வரியில் பொடி எழுத்தில் 'கருமிளகு எக்ஸ்ட்ராக்ட் 5 மி.கி.' என்றோ 'பைப்பரின்' என்றோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கண்ணில் பெரும்பாலும் படாத வரி. ஆனால் முழு விவகாரத்தையும் மாற்றுகிற வரி அதுதான்.

ஏனென்றால் குர்குமினை உடம்பு லேசில் உள்ளே விடாது. தண்ணீரில் அது கரைவதில்லை. குடலில் உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடும். 1998-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்படவில்லை, அல்லது மிகச் சொற்பமாகத் தென்பட்டது. கூடவே மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு 2000 சதவீதம் ஏறியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்கிற அத்தனை பேரும் இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்ததை இருபது மடங்காக்கினாலும் அது சிறிய எண்தான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. வேண்டாத பொருள்களை உருமாற்றி வெளியே தள்ளும் கல்லீரல் நொதிகளையே அது மந்தப்படுத்துகிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவும் அதனால் இரத்தத்தில் ஏறக்கூடும். சாப்பாட்டில் தூவும் மிளகைப் பற்றி இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தினமும் பைப்பரின் மாத்திரை என்பது வேறு.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: உறிஞ்சப்படாமல் போவது மஞ்சளின் குறை மட்டும் அல்ல, காலங்காலமாக அதைப் பயமில்லாமல் சாப்பிட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பைப்பரின், கொழுப்புத் துகள், நுண்துகள் என்று ஒவ்வொரு புதிய மாத்திரையும் அந்தத் தடையைத்தான் உடைக்கிறது. 'இயற்கையானது, காலங்காலமாகச் சாப்பிட்டது' என்று அதே டப்பாவில் எழுதியும் வைக்கிறார்கள். இந்த வடிவில், இந்த அளவில் யாரும் காலங்காலமாகச் சாப்பிடவில்லை.

சரி, நோவுக்கு நோவு பார்ப்போம்.

மூட்டுத் தேய்மான வலி. மாத்திரையின் பக்கம் ஓரளவு உருப்படியான ஆதாரம் இருப்பது இங்கேதான். 2014-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், மீதிப் பேருக்கு 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென். நான்கு வாரம் கழித்து வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. மஞ்சள் எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு குறைவு. 2020-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் 9 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூட்டில் கோத்திருந்த நீர் குறையவில்லை. அதாவது வலி கொஞ்சம் தணிகிறது, மூட்டு அப்படியேதான் இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு வளரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம்.

ஆகவே முழங்கால் வலிக்கு, வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எக்ஸ்ட்ராக்டை நான்கு முதல் எட்டு வாரம் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதற்குள் படியேறுவதில், உட்கார்ந்து எழுவதில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான். இந்த நோவுக்குப் பொடி பயன்படாது. அளவே எட்டாது.

வயிறு. மஞ்சளின் பழைய வேலை இதுதான்: உப்புசம், சாப்பிட்டதும் கனம், செரிக்காமை. இதற்குக் குர்குமின் இரத்தத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, குடலுக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும். பித்தப்பையைச் சுருங்க வைத்துப் பித்தநீரை இறக்குகிறது. 20 மில்லிகிராம் குர்குமினே இதைச் செய்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அது கால் தேக்கரண்டிப் பொடியில் இருக்கிற அளவு. ஜெர்மனியில் மூலிகைகளை மதிப்பிட்ட அரசுக் குழு செரிமானக் கோளாறுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 3 கிராம் வரை கிழங்குப் பொடி என்று அளவு வைத்தது. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். பொடிக்கும் பச்சைக் கிழங்குக்கும் உரிய இடம் இது. மாத்திரைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

2023-ல் தாய்லாந்திலிருந்து ஒரு செரியாமை ஆய்வும் வந்து செய்திகளில் அடிபட்டது: ஒரு நாளைக்கு 2 கிராம் குர்குமினும் 20 மில்லிகிராம் ஒமெப்ரசோலும் ஒன்றுபோலப் பலன் தந்தன என்று. நல்ல செய்திதான். ஆனால் அதில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. 206 பேரில் 151 பேர்தான் கடைசி வரை இருந்தார்கள். காரணம் பிடிபடாத செரியாமை, எதைக் கொடுத்தாலும் சில பேருக்குத் தணிகிற நோய். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தலைப்புச் செய்தியின் காரம் பாதியாகிவிடும். எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, மலம் கறுத்துப் போவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், இவற்றுக்கு மஞ்சளைத் தேடுவது காலத்தை வீணடிப்பது.

பெருங்குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஒரு தனி விஷயம். 2006-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு, நோய் அடங்கியிருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து ஆறு மாதம் தினமும் 2 கிராம் குர்குமின் கொடுத்தது. குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், எடுக்காத 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. இங்கே கவனிக்க வேண்டியது 'சேர்த்து' என்பது. மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறிய ஆய்வு அல்ல இது.

தொண்டை, சளி, இருமல். அதிகம் பேர் மஞ்சளைத் தேடுவது இதற்குத்தான், ஆதாரம் மெலிந்து கிடப்பதும் இங்கேதான். சூடான பானம் எதுவானாலும் தொண்டைக்கு இதம். அதில் மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீங்கு இல்லை என்பதால் குடிக்கலாம். வெந்நீரில் கலக்குகிறவர்கள் குவளையின் அடியைப் பார்த்தால் ஒன்று தெரியும்: மேலே தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும், அடியில் ஆரஞ்சு நிற வண்டல் படிந்திருக்கும். கரையாத குர்குமின் பெரும்பாலும் அந்த வண்டலில்தான். வண்டலைக் கீழே கொட்டினால் மருந்தையும் கொட்டியதாகிவிடும். கலக்கிக் கலக்கிக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் கொழுப்புள்ள பாலிலோ கொஞ்சம் எண்ணெயிலோ கலக்கலாம், அதில் நன்றாகக் கரையும். நீண்ட நேரம் கொதிக்க விடாதீர்கள். பிரஷர் குக்கரில் பத்து நிமிடம் வேகும்போது குர்குமினில் பாதி வரை போய்விடுவதாக அளந்திருக்கிறார்கள்.

வெளிப்பூச்சு. புண்ணுக்கு மஞ்சள் என்றதும் காப்புரிமைக் கதை நினைவுக்கு வரும். 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண் ஆற்றுவதற்கான காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953-ல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. அந்த வெற்றியை மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கான சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். அங்கே தீர்ப்பானது இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பது மட்டும்தான். ஆறுமா என்பதை யாரும் அங்கே விசாரிக்கவில்லை.

சமையல் பொடி கிருமி நீக்கப்பட்டது அல்ல. எந்த மசாலாப் பொடியிலும் வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் இருப்பது சாதாரணம். ஆழமான வெட்டிலும் தீக்காயத்திலும் அதை அப்புவது வேண்டாத வேலை. மேலோட்டமான சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினாலே போதும். தோலில் பூசினால் ஒவ்வாமைத் தடிப்பு வருகிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே முகத்தில் பூசும் முன் முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நீரிழிவு, மறதி நோய், புற்றுநோய் என்று நீளும் பட்டியலை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சோதனைக் குழாயில் குர்குமின் எல்லாவற்றையும் கொல்லும், எல்லாவற்றையும் அடக்கும். அதுவே சந்தேகத்துக்கு இடம். அது தானாக ஒளிரும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றுவதற்கு இது போதும். வேதியியல் ஆய்வாளர்கள் சிலர் 2017-ல் இதையெல்லாம் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். குர்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், வெற்று மாத்திரையோடு கறாராக ஒப்பிட்டு வென்றதாக எதையும் காட்ட முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது. ஆனாலும் புற்றுநோய்க்கு மஞ்சள் மாத்திரை என்று யாராவது விற்றால், அந்தக் கட்டுரையின் பக்கம்தான் நான் நிற்பேன்.

இனி ஆபத்து. பொடிக்கும் மாத்திரைக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும். உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று வைத்த குர்குமின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிப் பொடி. சமையலில் இதைத் தாண்டுவது கஷ்டம். ஒரே ஒரு எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை அதைப் போல இரண்டரை மடங்கு.

கல்லீரல் பாதிப்பு அரிதானது, ஆனால் கற்பனை அல்ல. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் மருத்துவமனைக் கூட்டமைப்பு 2022-ல் மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய பத்து நோயாளிகளைப் பற்றி எழுதியது. ஐந்து பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். அவர்கள் சாப்பிட்டதில் ஏழு மாதிரிகளைச் சோதித்தபோது ஏழிலும் மஞ்சள் இருந்தது, மூன்றில் பைப்பரினும் இருந்தது. பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை. ஆக இது எல்லோருக்கும் வருவது அல்ல, அதே சமயம் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே நம்மால் சொல்லவும் முடியாது. பாதிப்பு, மாத்திரை சாப்பிடத் தொடங்கிய நாளில் அல்ல, பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தெரிகிறது. 'இத்தனை நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது அதனால் பெரிய ஆறுதல் இல்லை. சிறுநீர் கருமஞ்சளாவது, கண் வெளுப்பில் மஞ்சள் ஏறுவது, காரணமில்லாத அரிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இத்தாலியில் 2019-ல் இப்படிப்பட்ட பாதிப்புகள் கொத்தாகத் தெரியவந்தன. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

மாத்திரையைத் தொடவே கூடாதவர்கள் யார்? பித்தப்பைக் கல்லோ பித்தக் குழாய் அடைப்போ உள்ளவர்கள் முதலில். வயிற்றுக்கு நல்லது செய்யும் அதே பித்தப்பைச் சுருக்கம் கல் இருந்தால் வலியாகிவிடும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் வேண்டாம். நியூசிலாந்தில் மஞ்சள் மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவீடு ஆபத்தான உயரத்துக்குப் போனது பதிவாகியிருக்கிறது. உறுப்பு மாற்று செய்துகொண்டு டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது வழக்கம். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களும் யோசிக்க வேண்டும், குர்குமின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புற்றுநோய்க்கு மருந்தேறிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்.

பொடிக்கு ஒரு குறை உண்டு, அது சிறுநீரகக் கல்காரர்களுக்கு. மஞ்சள் பொடியில் ஆக்சலேட் அதிகம், அதிலும் பெரும்பகுதி கரையக்கூடியது. சமையல் அளவு பரவாயில்லை. தினமும் தேக்கரண்டிக் கணக்கில் என்றால் ஆக்சலேட் கல் வந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது.

பொடியின் பெரிய பிரச்சினை ஆக்சலேட் அல்ல, கலப்படம். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு ஈய குரோமேட் என்ற நச்சு மஞ்சள் சாயத்தைப் பூசுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2019-ல் வெளியிட்டார்கள். சோதித்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. அரசு இறங்கிச் சோதனையும் தண்டனையும் தொடங்க, 2021-ல் அது பூஜ்யத்துக்கு வந்தது. இதில் மருந்துக்காக மஞ்சள் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது, அந்தச் சாயம் அரைக்கும் இடத்தில் அல்ல, காய்ந்த முழுக் கிழங்கை மெருகேற்றும்போதே சேர்க்கப்பட்டது என்பது. 'முழு மஞ்சள் வாங்கி நானே அரைப்பேன், கலப்படமே இருக்காது' என்பது அப்படியே உண்மையாகிவிடாது. கிழங்கின் வெளிப்புறம் உள்ளைவிடப் பளபளப்பான மஞ்சளாக இருந்து, விரலால் தேய்த்ததும் சாயம் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். இயல்பான காய்ந்த கிழங்கு வெளியே மங்கலாக, உடைத்தால் உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சாக இருக்கும். தேக்கரண்டிக் கணக்கில் தினமும் சாப்பிடப் போகிறவர் ஆய்வகச் சோதனை முடிவு வெளியிடும் நிறுவனத்தின் பொடியைத் தேடலாம். பச்சைக் கிழங்குக்கு நான் முதல் இடம் கொடுப்பதும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மண் ஒட்டிய ஈரக் கிழங்கில் சாயம் பூசி யாரும் ஏமாற்றுவதில்லை.

ஆக, வயிற்றுக்கும் தொண்டைக்கும் பச்சைக் கிழங்கோ பொடியோ, ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். மூட்டு வலிக்கு மட்டும், மேலே சொன்ன தடை எதுவும் இல்லாதவர், பைப்பரின் சேர்க்காத எக்ஸ்ட்ராக்டை நாள் குறித்து எடுத்துப் பார்க்கலாம். பைப்பரின் உள்ளதுதான் அதிகம் வேலை செய்யும் என்று கடைக்காரர் சொல்வார். வேறு மருந்து எதுவுமே எடுக்காதவருக்குக்கூட அதை நான் சிபாரிசு செய்யத் தயங்குவேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது 'மஞ்சள் சாப்பிடுகிறேன்' என்று மட்டும் சொன்னால் அவர் சமையல் மஞ்சள் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். டப்பாவையே எடுத்துப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டுங்கள்.